டான்சில் அறுவைக்குப் பின் வீட்டில் கழியும் பத்து நாட்கள்

எங்கள் ஆறு வயது மகளுக்கு டான்சில் அகற்றப்பட்ட மறுநாளே வீடு திரும்பினோம். கடினமானது முடிந்துவிட்டது என்ற எங்கள் நம்பிக்கை மூன்றாம் நாளே தகர்ந்தது. இதே சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மயக்கத்தின்போது வயிற்றில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், திட உணவையும் பாலையும் பொதுவாக ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பசிக்கிறதே என்று இரங்கி யாரேனும் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் அறுவை தள்ளிப்போகும். ஆகவே வீட்டிலுள்ள அனைவரிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள். சளி, காய்ச்சல், ஆடும் பால்பல், குடும்பத்தில் எவருக்கேனும் எளிதில் இரத்தம் உறையாத குறை ஆகியவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் பெற்றோரையே அடையாளம் தெரியாததுபோலக் கதறுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் தொண்டையில் வெண்மஞ்சள் படலம் தெரியும், வாய் நாறும். அது சீழ் அன்று, புண் ஆறுவதன் அடையாளம், சுரண்டிவிடக் கூடாது. தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால் காதும் வலிக்கும். வலி முதல் நாளைவிட மூன்றாம், நான்காம் நாட்களில் கூடலாம் என்பதால், குழந்தை அழும்வரை காத்திராமல் மருத்துவர் குறித்த நேரத்தில் மருந்தைக் கொடுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் எனப் பல வீரியங்களில் விற்கப்படுகிறது. புட்டியை மாற்றினால் அளவும் மாறும். வீட்டில் மிஞ்சியிருக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்தை ஒருபோதும் தராதீர்கள். அது சில குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடும்.

எங்களுக்குப் பெரும் போராட்டமாக இருந்தது தண்ணீர் குடிக்க வைப்பதுதான். வலிக்குப் பயந்து குடிக்க மறுத்தால் தொண்டை வறண்டு, வலி இன்னும் கூடும். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து, விழித்திருக்கும்வரை கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் இளநீரோ மோரோ கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாட்காட்டித் தாளில் கோடிட்டோம். குளிர்ச்சி ஆகாது என்று என் மாமியார் அஞ்சினார். மருத்துவரே ஐஸ்கிரீம் தரலாம் என்று விளக்கிய பிறகு, மாமியாரே ஊட்டினார். குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி ஆகியவை இறங்கின. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகள் எரியும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

இரத்தக்கசிவு முதல் 24 மணி நேரத்திலும், படலம் உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் நேரக்கூடும். உறக்கத்தில் குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி, விளக்கொளியில் வாயைப் பாருங்கள். புதிய சிவப்பு இரத்தமோ இரத்த வாந்தியோ கண்டால், நின்றுவிடும் என்று காத்திராமல், குழந்தையை முன்னே சாய்ந்து உட்காரவைத்துத் துப்பச் சொல்லி, 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரங்களுக்குப் பள்ளி, ஓட்டம், வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

ஏழாம் நாள் இரவு எங்கள் மகளின் தலையணையில் ஒரு சிவப்புக் கறை இருந்தது. விடியும்வரை மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்து, கசிவு தானாக நின்றதை உறுதிசெய்து அனுப்பினார்கள். எங்களுக்குத் தந்த வீடு திரும்பும் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே கிளம்பும் முன், நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது, எந்த வாயிலுக்கு வருவது என்பதைச் செவிலியரிடம் கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.