மான் பரண்: மரத்துக்கு முன்னால் வழியைப் பாருங்கள்

புதிதாக வேட்டைக்கு வருபவர்கள் நல்ல மரமாகப் பார்த்துப் பரணைக் கட்டிவிடுகிறார்கள். அங்கே எப்படிப் போய் வருவது என்ற யோசனை அப்புறம்தான். வெண்வால் மானிடம் இது பலிக்காது. நீங்கள் நடந்த இடத்தை ஒருமுறை மோப்பம் பிடித்தாலே போதும், அது இருட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் வரும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோள, சோயா நிலங்களுக்கு. (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.) அயோவாவில் 1972 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். நிலக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 1: பிப்ரவரி, மார்ச்சில் நடந்து பாருங்கள்

இலை உதிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில் தடங்கள் வெட்டவெளிச்சமாகத் தெரியும். மான் படுக்கும் புதர், மேயும் வயல், இரண்டுக்கும் நடுவே அது நெருக்கிக்கொண்டு கடக்கும் இடம் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். வேலி தாழ்ந்த இடம், ஓடைக்கரை சரிந்த இடம், இருபுறமும் மரங்கள் சூழ்ந்த வயல் மூலை எல்லாம் மூன்றாவது வகை. பரணுக்கு அதுதான் இடம். படுக்கைப் புதருக்குள் பரண் வேண்டாம்.

படி 2: காற்றை வைத்து மரத்தை முடிவு செய்யுங்கள்

குளிர் இறங்கியதும் அங்கே வடமேற்குக் காற்று அதிகம். புதர் தென்மேற்கிலும் வயல் வடகிழக்கிலும் இருந்தால், காற்று தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். தடத்துக்குத் தென்கிழக்கே, வில்லென்றால் சுமார் 20 கஜம் தள்ளி, மரத்தைத் தேடுங்கள். உங்கள் வாடை புதருக்கும் போகாது, வயலுக்கும் போகாது. தெற்குக் காற்று வீசும் நாளில் அந்தப் பரணில் ஏறாதீர்கள். அதற்கு வேறொரு பரண் வேண்டும்.

காற்றைப் பார்க்க மில்க்வீட் விதைப் பஞ்சு நல்லது. நம் எருக்கின் உறவுச் செடிதான், பஞ்சும் அதே மாதிரி. பரணிலிருந்து ஒரு இழையை விட்டுவிட்டுக் கண்ணாலேயே தொடருங்கள். நேராகப் போய்க்கொண்டிருந்தது, மாலை நெருங்கியதும் சட்டென்று பள்ளத்தை நோக்கி இறங்கும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத் தாழ்வுக்கு ஓடுகிறது; வெயில் ஏறியதும் மேட்டுக்கு எழும்புகிறது. அதனால் சரிவான நிலத்தில் மாலைப் பரண் தடத்துக்குக் கீழேயும், காலைப் பரண் மேலேயும் இருக்கட்டும்.

படி 3: போகும் வழியும் திரும்பும் வழியும்

மேலே சொன்ன அமைப்பில் தென்கிழக்கிலிருந்துதான் வர வேண்டும். ஓடைப் பள்ளம், வடிகால், அறுக்காத சோளக் கொல்லை ஆகியவை உங்களை மறைக்கும். மான் தடத்தைக் கால் தாண்டவே கூடாது. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வழியிலுள்ள கிளைகளையும் சருகையும் கோடையிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

விடியுமுன் வயலைக் குறுக்கே கடக்காதீர்கள், மான்கள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும். மாலையில் சிக்கல் இன்னும் பெரிது. நேரம் முடிந்து இறங்கப் பார்த்தால் எதிரே வயலில் பத்து மான் நிற்கும். நீங்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டால் அந்தப் பரண் அவற்றுக்குத் தெரிந்துபோகும். பொறுத்திருங்கள், இல்லையென்றால் நிலக்காரரை டிரக்கில் வயலோரமாக வரச் சொல்லுங்கள். பண்ணை வண்டிக்கு அவை விலகுமே தவிர, உங்களோடு முடிச்சுப் போடாது.

சோளம் அறுத்த அன்றே கணக்கு மாறும். நிற்கும் சோளத்துக்குள் மான்கள் படுத்தே கிடக்கும்; அறுத்ததும் காட்டுக்கு நகரும். அறுவடை நாளைக் கேட்டு வைத்திருங்கள்.

படி 4: கட்டுவது

உயிருள்ள, நேரான மரம்; பரண் தரையிலிருந்து 18 முதல் 20 அடி உயரத்தில். காய்ந்த ஆஷ் மரத்தைத் தொடாதீர்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத வண்டு இந்த மரங்களை ஏராளமாகக் கொன்றிருக்கிறது, எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. மரம் பருக்கப் பருக்கப் பரணைக் கட்டிய வார்ப்பட்டை இறுகி அறும். வேட்டைக் காலம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். முழு உடல் கச்சையை உயிர்க்கயிற்றில் (விழாமல் காக்க மரத்தில் மேலிருந்து அடிவரை கட்டும் கயிறு) மாட்டிக்கொண்டுதான் தரையைவிட்டுக் கால் எடுக்க வேண்டும். துப்பாக்கியைக் குண்டில்லாமல், வில்லை அம்பு பூட்டாமல், ஏறிய பிறகு கயிறு கட்டி மேலே இழுங்கள்.