பழைய ஹாலிவுட் கத்திச்சண்டைப் படங்களை வீட்டில் பார்ப்பது எப்படி?

1930களின் ஹாலிவுட் கதாநாயகன் எர்ரால் ஃபிளின் காலத்துக் கத்திச்சண்டைப் படங்களை யூடியூப் துண்டுகளாகப் பார்த்துவிட்டு, மங்கலான பழைய படங்கள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நல்ல பிரதியில், சரியாக அமைத்த டிவியில் பார்த்தால் அப்படிச் சொல்லவே மாட்டார்கள்.

படி 1: முதல் படம்

1938-ல் வார்னர் பிரதர்ஸ் தயாரித்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்'. வேறு யோசனையே வேண்டாம். ஃபிளின், ஒலிவியா டி ஹாவிலண்ட், வில்லனாக பேசில் ராத்போன். முழுக்க வண்ணப்படம், 102 நிமிடம்தான்.

படி 2: டிஸ்க் வாங்குதல்

டெக்னிகலர் எனும் அன்றைய வண்ணப்பட முறையின் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தைப் பதியும். காலப்போக்கில் மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கிவிடுவதால், சேர்க்கும்போது உருவங்களின் ஓரத்தில் நிறம் பிசிறும். வார்னர் நிறுவனம் இந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் துல்லியமாகப் பொருத்தி 2003-ல் டிவிடியாக வெளியிட்டது. 2008-ல் ப்ளூரே வந்தது. ப்ளூரேயே வாங்குங்கள்.

இந்தியாவும் இலங்கையும் ப்ளூரேயில் 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ'. உங்கள் பிளேயரில் ஓடும் மண்டலத்துக்கான டிஸ்க்தானா என்பதை அட்டையின் பின்புறம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிவிடிதான் கிடைக்கிறது, அதில் 98 நிமிடம் என்று போட்டிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் 'பால்' (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான பிரதி. படம் சற்று வேகமாக ஓடும், இசையின் சுருதியும் ஏறிவிடும். தவிர்ப்பது நல்லது.

படி 3: டிவி அமைப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சினிமா நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). இன்றைய டிவிகள் இடையிடையே தாமாகவே சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. வேகமாகச் சுழலும் வாள் அதில் தீற்றலாகிவிடுகிறது. காட்சியே தொலைக்காட்சித் தொடர் போல ஆகிவிடுகிறது. இந்த வசதிக்கு சோனியில் மோஷன்ஃப்ளோ என்றும், எல்ஜியில் ட்ரூமோஷன் என்றும் பெயர். செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள்.

அடுத்து, படத்தின் வடிவம். இவை ஏறத்தாழ 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். 'ஜூம்' செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும். கத்திச்சண்டையில் பாதி அழகு கால் வைப்பில் இருக்கிறது, அதை இழக்காதீர்கள்.

படி 4: ஒரே மூச்சில் பாருங்கள்

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் முழுப் படத்தையும் பாருங்கள்.

படி 5: இறுதிச் சண்டையை மறுபடி பாருங்கள்

நாட்டிங்காம் கோட்டையில் ஃபிளினும் ராத்போனும் மோதுகிறார்கள். வளைந்த கல் படிக்கட்டில் இறங்கியபடியே வீசிக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் இருவரும் திரையை விட்டு விலகிவிட, தூணில் அவர்களுடைய பிரம்மாண்டமான நிழல்கள் மட்டும் சண்டையிடுகின்றன. ராத்போன் முறையாக வாள்வீச்சு பயின்றவர் என்பது அவர் மணிக்கட்டைக் கவனித்தாலே புரியும்.

பிறகு ஆடியோ மெனுவுக்குப் போங்கள். 2003 டிவிடியில் இசை மட்டும் ஒலிக்கும் தடம் ஒன்று உண்டு. உங்கள் டிஸ்கிலும் அது இருந்தால், அதே சண்டையை அந்தத் தடத்தில் ஓடவிடுங்கள். இசையமைத்தவர் வியன்னாவிலிருந்து வந்த எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட். யூதரான அவர் இந்தப் படத்துக்காக ஹாலிவுட்டில் இருந்தபோதுதான், 1938 மார்ச்சில், ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். தம் உயிரைக் காப்பாற்றியதே இந்தப் படம்தான் என்று கோர்ன்கோல்ட் பின்னாளில் சொன்னார். ஆஸ்கர் விருதும் கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட, அந்த மார்ச் மாதம்தான் இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

படி 6: அடுத்து என்ன?

இதே கூட்டணியின் 'கேப்டன் பிளட்' (1935) கறுப்பு வெள்ளை. கடற்கரைச் சண்டைக்காகவே பார்க்கலாம். 'தி பிரிசனர் ஆஃப் ஸெண்டா' (1937), அரசனைப் போலவே இருக்கும் ஒருவன் அரசனாக நடிக்கும் கதை. பார்த்த கையோடு எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' (1958) படத்தையும் போட்டுவிடுங்கள்.

அதன்பின் 'தி மார்க் ஆஃப் ஸோரோ' (1940). ராத்போன் மெழுகுவர்த்தியின் நுனியைச் சீவி வீழ்த்துகிறார். ஸோரோவாக நடிக்கும் டைரோன் பவரும் வீசுகிறார். திரி எரிந்துகொண்டே இருக்கிறது. குறி தவறிவிட்டது என்று ராத்போன் சிரிக்க, பவர் நிதானமாக மெழுகுவர்த்தியின் மேல்பாதியைத் தூக்கிக் காட்டுகிறார். தொடரும் சண்டைக்குப் பின்னணி இசையே கிடையாது, வாள்களின் ஓசை மட்டும்தான். டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.