சமையலறைத் தரைக்கு டைல்ஸ்: வாங்கும்போதும் பதிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைல்ஸ் கடையில் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து வைத்திருக்கும் மாதிரியின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில்லை. நம் சமையலறையிலோ அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவும்போது தெறிப்பது, தாளிக்கும்போது சிதறும் எண்ணெய், கிரைண்டரிலிருந்து அள்ளும்போது சொட்டும் மாவு என்று ஏதாவது ஒன்று நாள் முழுவதும் தரையில் விழுந்துகொண்டே இருக்கிறது; பண்டிகைக்கு முதல் நாள் வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவும் வழக்கமும் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. புதுத் தரை போட்ட சில மாதங்களிலேயே வருத்தப்படுகிறவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் தண்ணீரை மறந்துவிட்டு எடுத்த ஏதோ ஒரு முடிவில்தான் அது தொடங்கியிருக்கும்.

அவற்றில் அடிக்கடி நேர்வது, கூடத்துக்கு வாங்கும் பளபளப்பான விட்ரிஃபைட் (மிகுந்த வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடி போல இறுக்கிய) டைல்ஸையே, வீடு முழுவதும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சமையலறைக்கும் சேர்த்து வாங்கிவிடுவது. காய்ந்திருக்கும்போது அதில் குறை தெரியாது. ஈரமும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் வெறுங்காலுடன் திரும்பினால் தெரியும். வழுக்காத தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிப்பிடுவார்கள்; எண் கூடக்கூட வழுக்கல் குறைவு. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டுச் செய்யும் ஜெர்மானியச் சோதனையிலிருந்து வந்த அளவு அது. வீட்டுச் சமையலறைக்கு ஆர் 10 அளவுள்ள, பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் பொதுவாகப் போதும். வழுக்கவே கூடாது என்று மிகவும் சொரசொரப்பானதை வாங்கினால், மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தச் சொரசொரப்பில் அப்பிக்கொண்டு துடைப்பவரின் கையை ஒடித்துவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கருப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களையும் விட்டுவிடுவது நல்லது. துடைத்துக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும்.

சுவர் டைல்ஸ் மிச்சமிருக்கிறது, சமையலறை சிறியதுதானே என்று அதைத் தரையில் பதிப்பவர்களும் உண்டு. சுவருக்கான செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைட் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கு மிகாது. உறிஞ்சும் அளவு கூடக்கூட டைல்ஸின் வலு குறையும். 14.2 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ வருகிறது. அதை மாதாமாதம் உருட்டியும் இழுத்தும் நகர்த்தும் தரைக்குச் சுவர் டைல்ஸ் தாங்காது.

கல் பதிக்க விரும்புகிறவர்கள் புளியையும் எலுமிச்சையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல் என்பதால் ரசம் சிந்திய இடம் பளபளப்பு இழந்து மங்கிவிடும், அந்தத் தடத்தைத் துடைத்து எடுக்க முடியாது. கோட்டா, கடப்பா கற்களும் சுண்ணாம்புக் கற்களே. ஆனால் பளபளப்பாக்காமல் போட்டால் மங்குவது கண்ணை உறுத்தாது, விலையும் குறைவு, காலுக்குப் பிடிமானமும் உண்டு. அந்தக் காலத்துச் சமையற்கட்டுகளில் கடப்பாக்கல் இடம்பிடித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்றே நினைக்கிறேன். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல்லின் அழகைப் பற்றி இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அது சூளையில் சுடாமல் கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்டும் வண்ணமும் வார்த்துச் செய்யப்படுவதால் எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், புளிப்புக்கும் ஆகாது. கூடத்தில் அது பல தலைமுறைகளுக்கு நிற்கும். மரம் போலத் தோன்றும் லேமினேட் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையைக் கழுவும் வீட்டில் அவை விளிம்பில் ஊறி உப்பிவிடும்.

அளவெடுப்பதில் ஒரு சிறு கணக்குத் தவறும் உண்டு. 10 அடிக்கு 8 அடி சமையலறை 80 சதுர அடி என்று அவ்வளவுக்கே வாங்கிவிடுகிறார்கள். சுவரின் அடியில் 4 அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் எனும் டைல்ஸ் பட்டை ஓடினால், வாசல் போகக் கூடுதலாக ஏறத்தாழ 11 சதுர அடி வேண்டும். வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 100 சதுர அடி ஆகிறது. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடி மட்டுமே மூடும் என்பதால் ஏழு பெட்டிகள் தேவைப்படும். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதே பெயர் கொண்ட டைல்ஸே வேறு ஷேடு எண்ணில் (நிறச் சாயலைக் குறிக்கப் பெட்டியில் போடும் எண்) வந்து நிற்கும். பழையதன் அருகில் வைத்ததும் நிற வேறுபாடு தெரியும். எல்லாப் பெட்டிகளிலும் ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மிஞ்சும் டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் ஏற்றி வைப்பது, பின்னாளில் குழாய் பழுதுக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் கைகொடுக்கும்.

இனிப் பதிக்கும் வேலை. கொத்தனாரிடம் முதலில் பேசி முடிக்க வேண்டியது வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு. ரசமட்டம் வைத்து மட்டம் பிசகாமல் போட்ட தரை பார்வைக்கு நன்றாக இருக்கும். கழுவிய நீர் போகும் வழி தெரியாமல் அடுப்பு மேடைக்கு அடியில் தேங்கும். வெளியேற்றும் துளையை நோக்கி 100க்கு 1 என்ற வாட்டம் போதும்; அதாவது 10 அடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்க வேண்டும், நடக்கும்போது அது தெரியாது. சமையலறைக்குள் துளையே இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பின்கட்டை நோக்கி வாட்டம் ஓட வேண்டும். இதை டைல்ஸ் பதிக்கத் தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. அடியில் போடும் கலவையிலேயே அமைத்துவிட வேண்டும்.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே பதிப்பது செலவைக் குறைக்கும், தவறென்றும் சொல்ல முடியாது; ஆனால் டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயர்ந்துவிடும். என் வீட்டில் இதைக் கணக்கில் கொள்ளாமல் மொசைக் தரைக்கு மேல் பதித்ததில், பின்கதவை அடியில் இழைத்த பிறகுதான் சாத்த முடிந்தது. கூடத்தைவிடச் சமையலறை உயர்ந்துவிட்டதால் முதல் தடவை கழுவிய நீர் நேராகக் கூடத்துக்கு வந்ததைக் கதவைவிடப் பெரிய பாடமாகக் கொள்ள வேண்டியிருந்தது.

விட்ரிஃபைட் டைல்ஸைச் சிமெண்ட் பால் (நீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றிப் பதிப்பது இன்றும் பரவலாக நடக்கிறது. செராமிக் டைல்ஸ் சிமெண்ட் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது என்பதால் பிடிப்பு மேலோட்டமாகவே இருந்து சில காலத்தில் விட்டுப் போகும். அதற்கென உள்ள பாலிமர் கலந்த டைல்ஸ் பசையை வாங்கினாலும், நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் நிற்கும். அந்த இடத்தில் அம்மிக் குழவி கைதவறி விழுந்தால் டைல்ஸ் விரிசல் விடும், நீர் இறங்கினால் எறும்பும் கரப்பானும் குடியேறும். பசையைப் பல்லுள்ள கொத்துக்கரண்டியால் தரை முழுவதும் இழுத்துப் பரப்பி, டைல்ஸின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூளைத் துடைத்த பிறகே பதிக்க வேண்டும்.

இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கச் சொல்வது வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு. வெயிலிலும் அடுப்பு வெப்பத்திலும் டைல்ஸும் அடித்தளமும் சிறிதளவு விரிந்து சுருங்கும்; விரிய இடமில்லாதபோது நடுவில் கூடாரம் போல எழும்பிவிடும். டைல்ஸ்களுக்கு இடையே 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி காக்கும் சிறு துண்டு) வைத்து, சுவரோரத்திலும் சிறு இடைவெளி விட்டால் அதை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். அந்த இடைவெளிகளை வெள்ளைச் சிமெண்டால் நிரப்பினால் மஞ்சள்தூளும் எண்ணெயும் ஏறிச் சில வாரங்களில் பழுப்பாகும், பிறகு அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் சிமெண்டே கரைந்து போகும். எபாக்சி கிரவுட், அதாவது இடைவெளியை நிரப்பும் பிசின் கலவை, விலை கூடுதல் என்றாலும் சமையலறையில் அந்தச் செலவைக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் டைல்ஸின் மேல் படிந்த எபாக்சியை இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும், காய்ந்த பின் எடுப்பது பெரும்பாடு.

கடைசித் தவறு அவசரம். பதித்த மறுநாளே மாடுலர் கிச்சன் ஆட்கள் அலமாரிகளோடு வந்து நிற்பார்கள், குளிர்சாதனப் பெட்டியும் உள்ளே நகரும். பசை பிடிக்கக் குறைந்தது ஒரு நாளும், கனமான சாமான்களை ஏற்ற மேலும் சில நாட்களும் விட வேண்டும். அலமாரிகள் தரையை மறைப்பதற்கு முன், மரக்கட்டையால் ஒவ்வொரு டைல்ஸையும் மூலை மூலையாகத் தட்டிப் பார்த்து, வெற்று ஓசை வருவதைச் சாக்பீஸால் குறித்து மாற்றச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி, அது எங்கும் தேங்காமல் துளைக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டுக் கூலியின் மீதித் தொகையைக் கொடுக்கலாம்.