விமான மைல்களும் கூட்டணிகளும்: மலையகப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்கள், கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் இறங்கி, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்க போய்ச் சேர்வதற்கே ஏறக்குறைய அரைநாளைச் செலவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் நேரத்தோடு கிளம்பிவிடுவதால், விமானம் ஏறுவதற்கு ஐந்தாறு மணித்தியாலங்களுக்கு முன்பே பெட்டிகளோடு காத்து நிற்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒருவருக்கு, சற்றுச் சாய்ந்து உட்கார ஒரு லவுஞ்சும், வரிசையில் முன்னுரிமையும், கூடுதலாகச் சில கிலோ பொதியும் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மலைப்பாதையில் வந்தவர்களே அறிவார்கள். ஆனால், வருடக்கணக்கில் டோஹாவுக்கும் டுபாய்க்கும் போய்வந்த நம்மவர்கள் பலர், பறக்கும்போதெல்லாம் ‘மைல்’ என்ற புள்ளிகளைக் கணக்கில் சேர்த்துத் தரும் ‘அடிக்கடி பறப்போர்’ திட்டங்களில் பதிவுசெய்திருந்தும் இவற்றில் ஒன்றைக்கூடப் பெறாமல் இருக்கிறார்கள். பறந்த மைல்கள் நாலைந்து கணக்குகளில் சிதறிக் கிடப்பதும், ‘கூட்டாளி நிறுவனம்’ என்ற சொல்லைப் பிழையாகப் புரிந்துகொள்வதும் இதற்கு முக்கியமான காரணங்கள்.

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் முதலாவது தவறும் அதிகமாக நடக்கும் தவறும் அதில்தான் இருக்கிறது. விமான நிறுவனங்களுக்கிடையிலான உறவு மூன்று வகைப்படும். ஒன்று, பல நிறுவனங்கள் பொது விதிகளோடு சேர்ந்திருக்கும் பெரும் கூட்டணி. 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் தொடங்கிய ஒன்வேர்ல்ட், 2000-இல் தொடங்கிய ஸ்கைடீம் ஆகிய மூன்றும் இவ்வகையின. இரண்டாவது, இரு நிறுவனங்கள் தமக்குள் மட்டும் செய்துகொள்ளும் உடன்பாடு. இதில் மைல் சேர்க்கலாம், ஆனால் அதிகம் பறப்போருக்குத் தரப்படும் உயர்நிலை அட்டைக்குரிய சலுகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, ஒரு நிறுவனம் பறக்கும் விமானத்தை இன்னொரு நிறுவனம் தன் விமான இலக்கத்தில் விற்கும் கோட்ஷெயர் முறை. இம்மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்குகிறவர், கட்டுநாயக்கவின் கருமபீடத்தில் ஏமாற்றமடைகிறார்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1ஆம் திகதி ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2013 ஒக்டோபர் இறுதியில், கட்டார் ஏர்வேய்ஸ் சேர்ந்திருந்தது. மலேசியா ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ், கத்தே பசிபிக் ஆகியனவும் அதே கூட்டணியில் உள்ளன. ஆகவே ஸ்ரீலங்கனின் மைல் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் கட்டார் ஏர்வேய்ஸில் பறந்தாலும் அந்த மைல்களை ஃப்ளைஸ்மைல்ஸிலேயே சேர்த்துக்கொள்ள முடியும். எமிரேட்ஸும் எதிஹாட்டும் எந்தப் பெரும் கூட்டணியிலும் இல்லை. இதை மூத்த பயணிகள் நம்பத் தயங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998 முதல் 2008 வரை ஸ்ரீலங்கனின் முகாமைத்துவம் எமிரேட்ஸின் கையில் இருந்தது, அந்தக் காலத்தில் எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸ் இரு நிறுவனங்களுக்கும் பொதுவான திட்டமாகவே நடத்தப்பட்டது. டுபாயில் வேலைசெய்து திரும்பிய பெரியவர் ஒருவர் “ரெண்டும் ஒண்ணுதான், எதுல போனாலும் மைல் வரும்” என்று சொன்னால், அவர் தன் காலத்து உண்மையைத்தான் சொல்கிறார். அந்த ஏற்பாடு முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. ஃப்ளைஸ்மைல்ஸின் கோல்ட் அட்டை, கூட்டணி என்ற வகையில், எமிரேட்ஸ் கருமபீடத்தில் எந்த உரிமையையும் தராது.

அடுத்த தவறு, அட்டை இருந்தால் லவுஞ்ச் உண்டு என்று எண்ணுவது. ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்ட் என மூன்று படிகள் உள்ளன. ஃப்ளைஸ்மைல்ஸின் கிளாசிக் அட்டை ரூபிக்கும், கோல்ட் சஃபையருக்கும், பிளாட்டினம் எமரால்டுக்கும் ஒப்பானவை. ரூபிக்கு வணிக வகுப்புக் கருமபீடத்தில் பதிவுசெய்யும் வசதி போன்ற சில சலுகைகள் உண்டு, லவுஞ்ச் இல்லை. அது சஃபையரிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் படியில் உள்ளவர் கூட்டணி விமானத்தில் பயணம் செய்யும் ஒருவரைத் தன்னோடு உள்ளே அழைத்துச் செல்லவும் முடியும், மேலதிகப் பொதியும் கொண்டுபோகலாம்.

இங்கேதான் கோட்ஷெயர் குறுக்கே வருகிறது. லவுஞ்ச் உரிமைக்கு, நீங்கள் ஏறப்போகும் விமானத்தைக் கூட்டணி உறுப்பு நிறுவனம் விற்றிருந்தால் மட்டும் போதாது, கூட்டணி உறுப்பு நிறுவனமே அதைப் பறக்கவும் வேண்டும். கட்டார் ஏர்வேய்ஸும் இண்டிகோவும் 2019-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இண்டிகோ பறந்த சில விமானங்கள் கட்டார் ஏர்வேய்ஸின் இலக்கத்திலும் விற்கப்பட்டன. இண்டிகோ மூன்று பெரும் கூட்டணிகளில் எதிலும் இல்லை. அப்படியான சீட்டில் இலக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்வேர்ல்ட் தெரியும், ஆனால் வாசலில் நிற்கும் விமானத்தில் ஒன்வேர்ல்ட் இருக்காது. எனவே பணம் கட்டுவதற்கு முன், ‘இதை உண்மையில் பறப்பது யார்?’ என்று முகவரிடம் கேட்டு, சீட்டின் அச்சுப்படியில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியை நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும். எத்தனை தொடர் விமானங்கள் இருக்கின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மைல் கணக்கிடும் அட்டவணையைப் பிழையான இடத்தில் தேடுவது இன்னொரு தவறு. நீங்கள் எந்த நிறுவனத்தில் பறந்தாலும், எந்தத் திட்டத்தில் மைலைச் சேர்க்கிறீர்களோ அந்தத் திட்டத்தின் அட்டவணைதான் செல்லும். ஒரே விமானத்தில், ஒரே கட்டணத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் போகும் இருவருள், ஒருவர் கட்டார் ஏர்வேய்ஸின் பிரிவிலேஜ் கிளப்பிலும் மற்றவர் ஃப்ளைஸ்மைல்ஸிலும் சேர்த்தால், இருவருக்கும் வெவ்வேறு தொகை வரலாம். பயணச்சீட்டில் தனியெழுத்தாகக் காணப்படும் முன்பதிவு வகுப்பும் இதைத் தீர்மானிக்கிறது. சாதாரண வகுப்புக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் இருக்கக்கூடும், மலிவானவற்றுக்குப் பறந்த தூரத்தின் ஒரு பகுதியே கிடைக்கும். கொழும்பிலிருந்து டோஹா 2,000 மைலுக்கும் மேற்பட்ட தூரம். அதில் 25 வீதம் மட்டும் தரும் வகுப்பாக இருந்தால், கணக்கில் 500 மைலுக்குச் சற்று அதிகமாகவே ஏறும். குழுவாக வாங்கப்படும் சீட்டுகளுக்கும், தொழிலாளர்களுக்கென விற்கப்படும் சலுகைச் சீட்டுகளுக்கும் சில வேளைகளில் எதுவுமே கிடைப்பதில்லை. வளைகுடாவுக்கு முகவர் மூலமாகப் போகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இத்தகைய சீட்டுகளில்தான் போகிறார்கள் என்பதால், போகும்போது வராத மைலுக்காக அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. விடுமுறையில் தம் காசில் வாங்கும் சீட்டில் கவனமாக இருந்தால் போதும்.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது நம் மக்களைக் குறிப்பாகப் பாதிக்கும் விடயம். தோட்டங்களில் பிறந்த பலருடைய பெயர்கள், பதிந்தவரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் என்று அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. என் தம்பி டோஹாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விமான நிறுவனத்தின் திட்டத்தில் தன்னுடைய பெயரைப் பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல முதலெழுத்து வைத்துப் பதிவுசெய்தான். பயணச்சீட்டோ கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரில் வந்தது. நான்கு பயணங்களுக்கு ஒரு மைலும் ஏறவில்லை. விசாரித்தபோது, பெயர் பொருந்தவில்லை என்ற ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குள் இரண்டு பயணங்களுக்கு உரிமை கோரும் காலம் கடந்திருந்தது. அவனுக்கு அது பெரிய இழப்பாகவே இருந்தது. ஆகையால் கணக்கு தொடங்கும்போது கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குடும்பப் பெயர் எது, ஏனைய பெயர்கள் எவை என்று அச்சிட்டிருக்கிறதோ, அதே வரிசையிலும் எழுத்துக்கூட்டலிலும் நிரப்புங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கையில் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அன்றே கணக்கிலும் மாற்றச் சொல்லுங்கள்.

பல திட்டங்களில் சேர்வதில் பிழையில்லை. ஒரு பயணத்தை ஒரு திட்டத்தில் மட்டுமே சேர்க்க முடியும் என்பதையும், ஒரு திட்டத்தில் சேர்ந்த மைல்களைக் கூட்டணித் தோழமை என்பதற்காக மற்றத் திட்டத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் மறப்பதுதான் பிழை. இதற்கு ஒரு விதிவிலக்கு ஏவியோஸ். பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் பயன்படுத்தும் இந்தப் புள்ளிகளைக் கட்டார் ஏர்வேய்ஸ் 2022-இல் ஏற்றுக்கொண்டதால், அவ்விரு கணக்குகளுக்கிடையே அவற்றை நகர்த்தலாம். லண்டனில் மகனும் டோஹாவில் மருமகனும் இருக்கும் வீட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் நகர்வது செலவழிக்கும் புள்ளிகள் மட்டுமே. கோல்ட், பிளாட்டினம் நிலைக்காகக் கணக்கிடப்படும் நிலைப்புள்ளிகள் இடம் மாறுவதில்லை. கடனட்டை மூலம் வரும் மைல்களும் பொதுவாகச் செலவழிக்கவே உதவும், அவற்றால் அட்டையின் நிறம் மாறாது.

சேர்த்து வைத்துக்கொண்டே போவதும் ஆபத்தானது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையர் மைல்கள், நீங்கள் பறந்துகொண்டே இருந்தாலும் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஏவியோஸ் புள்ளிகளோ 36 மாதங்களுக்கு எந்த அசைவும் இல்லாதபோதுதான் போகும். கூட்டணிகளும் நிலையானவை அல்ல. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் ஒன்றான ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் 2024 செப்டெம்பரில் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. மகளின் கலியாணத்துக்கு என்று பத்து வருடம் மைல் சேர்ப்பதைவிட, போதிய மைல் சேர்ந்ததும் ஒரு பயணத்தை முடித்துவிடுவதே புத்தி. அதிலும் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் மைலால் இருக்கை வாங்க நினைத்தால், அவர்கள் பிற திட்டங்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் சொற்பம். தீபாவளிக்கோ சித்திரை வருடப் பிறப்புக்கோ வீடு வர விரும்புகிறவர் பல மாதங்களுக்கு முன்பே தேட வேண்டும். மைலால் வாங்கிய சீட்டுக்கும் வரிகளையும் கட்டணங்களையும் காசாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, விமானத்தில் ஏறும் அட்டையை (போர்டிங் பாஸ்) வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போடுவது. கூட்டாளி நிறுவனத்தில் பறந்த மைல்கள் கணக்கில் ஏற நாட்கள் எடுக்கும், சில வேளைகளில் ஏறாமலே போகும். அப்போது உரிமை கோருவதற்கு ஏறும் அட்டையும் 13 இலக்கங்கள் கொண்ட பயணச்சீட்டு எண்ணும் தேவை. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும். ஸ்ரீலங்கனுக்கு 603, கட்டார் ஏர்வேய்ஸுக்கு 157, எமிரேட்ஸுக்கு 176. சீட்டு 603-இல் தொடங்கினாலும் பறந்தது வேறு நிறுவனமாக இருக்கலாம், ஆகவே விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிட வேண்டும். ஏறும் அட்டையையும் பயணச்சீட்டையும் தொலைபேசியில் படம் எடுத்து, மைல்கள் கணக்கில் தெரியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். தம்பியின் மீதி இரண்டு பயணங்களுக்கான மைல்கள் அப்படி வைத்திருந்த படங்களால்தான் திரும்பக் கிடைத்தன.