தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளையின் எடை: ஒரு குறிப்பு

டுஷேன் தசைச் சிதைவு நோயுள்ள (தசையைப் படிப்படியாக அழிக்கும் மரபணு நோய்) பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளைகள் சாப்பிடும் அளவே கொடுத்தாலும் எடை ஏறிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கலோரியை எரிப்பதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தசை குறையக் குறைய தேவையும் குறைகிறது. நடை நின்று சக்கர நாற்காலிக்கு மாறும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டும். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி "பசிக்குதும்மா" என்றால் அது அடமில்லை, உண்மையான பசி. திட்டாதீர்கள். சர்க்கரை பானத்துக்குப் பதில் தண்ணீர், சின்னத் தட்டு, காய்கறி கூடுதலாக. புரதத்தைக் குறைக்க வேண்டாம். எடைக்குப் பயந்து ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, மருத்துவரைக் கேளுங்கள்.

நிற்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். மாதம் ஒருமுறை குறித்துவைத்தால் போதும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்: தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்தாலும் எண் சரியாகவே தெரியும்.

பதின்ம வயதின் பிற்பகுதியில் விழுங்கச் சிரமப்பட்டு எடை குறையவும் கூடும். அதையும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.