இஸ்தான்புல்லில் கடைசி நாள்: பெட்டியை முந்தின ராத்திரியே கட்டிவிடுங்கள்

ராத்திரிதான் விமானம் என்றால், காலையில் அறையைக் காலி செய்ததும் பெட்டியை ஹோட்டல் வரவேற்பிலேயே ஒப்படைத்துவிடுங்கள், கை வீசி நடக்கத்தான் இந்த நாள். விட்டுப்போன அருங்காட்சியகம் விட்டுப்போனதாகவே இருக்கட்டும். எமினோனு படகுத்துறையில் சிமிட் என்கிற எள் அப்பிய வளைய ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு எதிர்க்கரையில் இருக்கிற கடிகோய்க்குப் போகும் படகில் ஏறி, வெளிப்பக்க பெஞ்சில் உட்காருங்கள். 20 நிமிடச் சொச்சம்தான், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கே போய்விடலாம். இடுப்பு சிறுத்த கண்ணாடித் தம்ளரில் பால் இல்லாத டீ கிடைக்கும், விளிம்பைப் பிடிக்காவிட்டால் விரல் சுடும். கடற்பறவைகள் கூடவே பறந்து வந்து சிமிட்டுக்குக் குறி வைக்கும் (என் பங்கில் பாதி போய்விட்டது). திரும்புவதை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மசூதிக் குவிமாடங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கும். அப்புறம் மிச்ச லிராவுக்கு டீத்தூள். விமான நிலையம் ஊருக்கு வெளியே ரொம்ப தூரம், நெரிசல் வேறு, விமான நேரத்துக்கு 5 மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.