சக்கைக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

மே மாதம் வெளிநாட்டிலிருந்து குமரி மாவட்டத்து மலையோரத்துக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டில் வழிகாட்டத் தேவையில்லை. சக்கை (எங்கள் ஊரில் பலாப்பழம்) வாசனையே கூட்டிப் போகும். மலைமேல் இருக்கும் மேல்கோதையாருக்கு வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடும் இடம். கிடைக்காவிட்டால் பேச்சிப்பாறை அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஜூன் பிறந்தால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, காலெல்லாம் அட்டை. சரி, இனி நிலத்துக் காகித விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு நாள் விடுப்பில் பதினொன்றை அதுதான் தின்றது.

குலசேகரம் பக்கம் எங்கள் விளை (தோட்டம்), அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவானது. சக்கை, அயனி என்கிற காட்டுப்பலா, அவற்றில் ஏறிய நல்லமிளகு, இடையில் மட்டி வாழை. உதிர்கிற சருகுதான் உரம். போய் இறங்கிய மறுநாளே சித்தப்பா தொடங்கினார். "மக்கா, அயனி ரெண்டையும் முறிச்சிட்டு ரப்பர் வைக்கணும். பட்டாவைப் பிரிக்க ஒரு கையெழுத்து போட்டுத் தா."

ஒரு கையெழுத்தாம்! பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்தது. தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்குத் தனியாக ஒன்று. அப்புறம் பட்டாவில் தாத்தா பெயரில் எழுத்துப் பிழை, மூல ஆதாரம், அதாவது பழைய நிலப் பத்திரம், கொண்டுவரச் சொன்னார்கள். 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள் அல்லவா, ஆதாரம் மலையாளத்தில் இருந்தது. தேதி, 1118 மேட மாதம். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த எழுத்தர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இது மலையாளத்துக் கொல்லம் ஆண்டு, 825ஐக் கூட்டினால் 1943 என்று விளக்கினேன். மொழிபெயர்த்து வாருங்கள் என்றார். பழைய மலையாளம் வாசிக்கிற ஆதாரம் எழுத்துக்காரர் பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான்கு நாள் காத்திருந்தேன்.

ஆகவே ஆதாரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, கிளம்புமுன்பே மொழிபெயர்த்து வையுங்கள். பவர் பத்திரம் கொடுப்பதானால் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஓசிஐ அட்டைக்காரர்கள் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் பக்கத்து விளைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அயனியை முறிப்பதா என்று சித்தப்பாவோடு சண்டையும் போட்டேன். மண்ணுக்குக் கேடு, ஊற்று வற்றிவிடும் என்று நிறையப் பேசினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சக்கை பாதியும் கீழே கிடந்து அழுகுது. பால் வெட்டினா காசு வருமே" என்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த விளையில் சருகு கூட்டியவர் அவர். நான் புகைப்படம் மட்டும் எடுத்திருக்கிறேன்.

வேலை முடியாமலே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். வழியனுப்பும்போது செய்தித்தாளில் பொதிந்து நல்லமிளகு தந்தார். அயனியில் ஏறிய கொடியில் பறித்ததாம். பவர் பத்திரம் கையெழுத்தாகாமல் மேசையில் இருக்கிறது. தூதரகத்தில் இரண்டு முறை நேரம் வாங்கிவிட்டு, இரண்டு முறையும் போகவில்லை.